குழந்தைகளின் கார்டு பாக்கெட் வியாபாரம்: மார்க்கமும் கணக்கும்

(மக்தப் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

இன்றைய கூட்டத்தின் பொருளைத் தலைவர் அவர்கள் அறிவித்தபோது பலருடைய முகத்தில் புன்முறுவல் தோன்றியதைக் கண்டோம். குழந்தைகள் விளையாடும் கார்டைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்ற கேள்வி அந்தப் புன்முறுவலில் இருந்தது. எமக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் தோன்றியது. எம்மை மாற்றியவர் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு கடைக்காரச் சகோதரர். நோட்டு, பேனா, பென்சில் விற்கும் சிறிய கடை அவருடையது. மக்தப் விட்டு வரும் பிள்ளைகளே அவருக்கு மாலை நேர வாடிக்கையாளர்கள். சென்ற நோன்புப் பெருநாளுக்குப் பிந்திய வாரத்தில் அவர் பள்ளிவாசல் அலுவலகத்திற்கு வந்து அமர்ந்து, நெடுநேரம் தயங்கிய பின் கூறிய செய்தி இதுதான்: பிள்ளைகள் கையில் கிடைத்த பெருநாள் காசில் பெரும்பகுதி அவர் கடைக்கே வந்து சேர்ந்தது. நோட்டுக்கோ மிட்டாய்க்கோ அல்ல, மூடிய கார்டு பாக்கெட்டுகளுக்கு. ஒரு சிறுவன் ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு பாக்கெட் வாங்கிக் கடை வாசலிலேயே கிழித்துப் பார்த்தான். தேடிய அட்டை வரவில்லை. கிழித்த உறைகளையும், தன்னிடம் ஏற்கெனவே உள்ள அட்டைகளையும் படியிலேயே போட்டுவிட்டு அழுதுகொண்டே போனான். "காசு என் கல்லாவில் இருக்கிறது. அது எனக்கு ஹலாலா?" என்று அவர் கேட்டார்.

இக்கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட எமக்குத் துணிவு வரவில்லை. மார்க்கத் தீர்ப்பு ஆலிம்களின் பொறுப்பு. ஆனால் தீர்ப்புக் கேட்கப் போகுமுன் வியாபாரம் எத்தகையது என்பதைத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும் அல்லவா? ஆகவே அதே கடையில் நான்கு பாக்கெட் வாங்கிவந்து பிரித்துப் பார்த்தோம். விவரம் அறிந்த இளைஞர்களிடம் கேட்டோம். தாளும் பேனாவும் எடுத்துக் கணக்கும் போட்டோம். அதன் பயனை உங்கள் முன் வைக்கிறோம்.

நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிய சங்கதி அன்று. பெட்டிக் கடையில் ஆணியில் தொங்கிய பிரைஸ் அட்டையை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு பெரிய அட்டை, அதில் வரிசை வரிசையாக ஒட்டிய சிறு சீட்டுகள், மேலே பலூனும் ஊதலும் பிளாஸ்டிக் கடிகாரமும். காசு கொடுத்து ஒரு சீட்டைக் கிழித்தால் உள்ளே இருக்கும் எண்ணுக்குரிய பொருள் கிடைக்கும். அந்தக் கடிகாரம் யாருக்கும் விழுந்ததாக எமக்கு நினைவில்லை. 'பிக் ஃபன்' என்ற பபுள்கம் வந்த காலமும் உண்டு. அதனுள் கிரிக்கெட் வீரர் படமும் ரன் எண்ணிக்கையும் அச்சிட்ட சீட்டு இருக்கும். ரன் சேர்ப்பதற்காகவே மென்றவர்கள் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள். பின்னர் சிப்ஸ் பாக்கெட்டில் 'டாசோ' என்ற வட்டத் தகடு வந்தது. மல்யுத்த வீரர் படங்களோடு 'டிரம்ப் கார்டு' வந்தது.

இவற்றுள் டிரம்ப் கார்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது முழுக் கட்டாக விற்கப்பட்டது. ஒரு கட்டில் இருப்பதே அடுத்த கட்டிலும் இருக்கும். இன்ன இன்ன வீரர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று வாங்குமுன்பே பிள்ளைக்குத் தெரியும். ஒருமுறை வாங்கினால் மறுமுறை வாங்க வேண்டியதில்லை. வியாபாரிக்கு அது ஒரு குறை. அந்தக் குறையை நீக்கியதே இன்றைய பாக்கெட்.

அட்டைகளை மூடிய உறையில் வைத்துச் சேர்க்கத் தூண்டும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிகரெட் பெட்டியிலிருந்து தொடங்கியது. பெட்டி நசுங்காமல் இருக்க வைத்த கெட்டி அட்டையில் படம் அச்சிட்டார்கள். படத்திற்காகவே புகைப்பவர் பெருகினர். பிறகு அமெரிக்காவில் பபுள்கம்மோடு பேஸ்பால் வீரர் அட்டைகள் வந்தன. விளையாட்டுக்கும் சேகரிப்புக்கும் ஒன்றாகப் பயன்படும் அட்டை 1993இல் 'மேஜிக்: தி கேதரிங்' என்ற பெயரில் அங்கே தோன்றியது. அதை வடிவமைத்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் என்பதைக் கவனியுங்கள். 1996இல் ஜப்பானில் 'போகிமான்' அட்டைகள் வந்தன. நம் பிள்ளைகள் பையில் வைத்திருப்பவை பெரும்பாலும் இந்தப் போகிமான் வகையும், கிரிக்கெட் வீரர் வகையும், இவற்றைப் பார்த்து அடித்த போலிகளும் ஆகும்.

மேஜிக் ஆட்டத்தின் கூடுதல் பாக்கெட்டில் தொடக்கத்தில் 15 அட்டைகள் இருந்தன. அவற்றுள் 11 சாதாரணமானவை, 3 சற்றுக் குறைவாகக் கிடைப்பவை, 1 அரியது. 2008இல் அரியதிலும் அரியது என்று இன்னொரு படியைச் சேர்த்தார்கள். அது ஏறத்தாழ எட்டுப் பாக்கெட்டுக்கு ஒன்றில் இருக்கும். இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டும். அரிய அட்டைக்கும் சாதாரண அட்டைக்கும் காகிதம் ஏறத்தாழ ஒன்றே, மையும் ஒன்றே. பளபளப்பு ஏற்றுவதற்குச் சிறிது செலவு கூடுமே தவிர வேறில்லை. அச்சகத்தில் ஒன்றைக் குறைவாக அடிக்கிறார்கள்; அதுவே அதன் அருமை. தங்கம் மண்ணுக்குள் அரிதாக இருப்பதால் விலை பெறுகிறது. வஞ்சிரம் வலையில் அரிதாக விழுவதால் விலை பெறுகிறது. இந்த அட்டையோ அரிதாக இருக்க வேண்டும் என்று ஒருவர் மேசையில் அமர்ந்து முடிவு செய்ததால் விலை பெறுகிறது.

இனி விலையைப் பார்ப்போம். பாக்கெட்டின் விலையை வேண்டுமென்றே சிறுவன் கைக்குள் அடங்கும் தொகையாக வைக்கிறார்கள். அரிய அட்டை உள்ள பாக்கெட்டுக்கும் இல்லாத பாக்கெட்டுக்கும் ஒரே விலை. ஆனால் பிரித்த மறுகணம் அந்தச் சமம் போய்விடுகிறது. பத்து அட்டையில் ஒன்பதை யாரும் திரும்ப வாங்க மாட்டார்கள். ஒன்றுக்கு, அது உரிய அட்டையாக இருந்தால், பாக்கெட் விலையைப் போலப் பன்மடங்கு கொடுக்க ஆள் இருக்கும். இந்த இரண்டாம் சந்தையை அச்சிடும் நிறுவனங்கள் நடத்துவதில்லை. தனி அட்டையின் விலையைத் தாம் நிர்ணயிப்பதில்லை என்பதே அவர்களின் நிலை. ஆயினும் முதல் சந்தையில் பாக்கெட் விற்பது இரண்டாம் சந்தையின் பேச்சால்தான். ஓர் அட்டை இவ்வளவுக்குப் போயிற்று என்ற செய்தி பள்ளிக்கூட வேனுக்குள் பரவிய மறுநாள் கடையில் பாக்கெட் தீர்ந்துவிடுகிறது.

கணக்கை எளிமையாகப் பார்ப்போம். ஒரு தொகுப்பில் 50 வகை அட்டைகள் உள்ளன, எல்லாம் சம எண்ணிக்கையில் அச்சிடப்பட்டவை, ஒரு பாக்கெட்டில் 5 அட்டை, விலை 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதாவது அட்டைக்கு 2 ரூபாய். டிரம்ப் கார்டைப் போல முழுக் கட்டாக விற்றால் 100 ரூபாயில் விஷயம் முடிந்துவிடும். மூடிய பாக்கெட்டாக வாங்கி 50 வகையையும் சேர்க்கச் சராசரியாக எத்தனை அட்டை வாங்க வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ 225. அதாவது 45 பாக்கெட், 450 ரூபாய். அது மட்டுமன்று. முதல் 25 வகைகள் சுமார் 7 பாக்கெட்டுக்குள், 70 ரூபாய்க்குள் சேர்ந்துவிடும். பிள்ளை மகிழ்ந்து போவான். பாதி வந்துவிட்டது என்பான். மறுபாதிக்கு 380 ரூபாய் ஆகும். கடைசி ஐந்து வகைக்கு மட்டும் சுமார் 230 ரூபாய். கடைசி ஒரே ஓர் அட்டைக்கு, சராசரியாக, 100 ரூபாய். முழுக் கட்டின் விலையே அதுதான்! இத்தனையும் எந்த அட்டையையும் அரிதாக்காமல், ஒரு வஞ்சகமும் செய்யாமல் விற்றால் வரும் கணக்கு.

அரிய அட்டையைச் சேர்த்தால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. எட்டுப் பாக்கெட்டுக்கு ஒன்று என்றால் எட்டு வாங்கினால் கிடைத்துவிடும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், பெரியவர்களும் நினைக்கிறார்கள். நூறு பிள்ளைகள் ஆளுக்கு எட்டுப் பாக்கெட் வாங்கினால் அவர்களில் சுமார் 34 பேர் வெறுங்கையோடு போவார்கள். ஆளுக்கு 24 பாக்கெட் வாங்கினாலும் சுமார் 4 பேருக்கு வராது. அந்த அரிய வகையிலேயே 15 விதம் இருந்து, பிள்ளை தேடுவது அவற்றுள் குறிப்பிட்ட ஒன்று என்றால், 120 பாக்கெட்டுக்கு ஒன்று. பெருநாளன்று பன்னிரண்டு பாக்கெட் கிழித்த சிறுவன் அழுதது அவனுடைய துரதிர்ஷ்டத்தால் அன்று. அவனைப் போன்றவர்களில் பெரும்பாலோர் அழுவதே இந்தக் கணக்கின் இயல்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விவரம் அறிந்த பெரியவர்கள் பாக்கெட்டாக வாங்குவதில்லை. முழுப் பெட்டியாக, 36 பாக்கெட் கொண்ட பெட்டியாக வாங்குகிறார்கள். பெட்டியாக வாங்கும்போது ஏற்றமும் இறக்கமும் பெரும்பாலும் சமன்பட்டுவிடும். ஒற்றைப் பாக்கெட் வாங்கும் பிள்ளையின் தலையில்தான் நிச்சயமின்மை முழுவதும் இறங்குகிறது. போகிமானின் தொடக்க காலத் தொகுப்புகளில் மினுமினுப்பு அட்டை உள்ள பாக்கெட் இம்மியளவு எடை கூடுதலாக இருந்தது. அதைக் கண்டுகொண்ட சிலர் நகை நிறுக்கும் தராசைப் போன்ற சிறு தராசில் பாக்கெட்டுகளை நிறுத்து, கனமானவற்றை எடுத்துக்கொண்டு மீதியை விற்றார்கள். போலிப் பாக்கெட்டில் அந்த அளவு நேர்மையும் கிடையாது. உள்ளே அரிய அட்டை ஒன்றையாவது வைத்தார்களா என்பதற்கே உத்தரவாதம் இல்லை.

பாக்கெட்டின் முதுகைப் பார்த்தோம். 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி அச்சிட வேண்டியவை இருந்தன: தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் முகவரி, எத்தனை அட்டை, எந்த மாதம், எல்லா வரியும் உட்பட அதிகபட்ச விலை, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண். பிள்ளை எதை வாங்குகிறானோ அது ஒன்றைத் தவிர மற்ற யாவும் எழுதியிருந்தது.

அன்புக்குரியவர்களே! இப்போது மார்க்கத்தின் பக்கம் வருவோம். சூதாட்டத்தைப் பற்றி அல்மாயிதா அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்களை ஜுமுஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். அதை இங்கே விரிக்கவில்லை. நாம் எடுத்துக்கொள்வது வியாபாரத்தின் பாடத்தை. பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்த வியாபாரங்களில் 'முலாமஸா' என்று ஒன்று உண்டு. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்ற செய்தி. மடித்து வைத்த துணியை வாங்குபவர் விரித்துப் பார்க்காமல் கையால் தொட்டுவிட்டாலே விற்பனை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளும் அக்கால வழக்கம் அது. 'ஹஸாத்' எனப்படும் கூழாங்கல் வியாபாரத்தையும் தடுத்தார்கள். கல்லை எறிந்து அது எந்தப் பொருளின் மேல் விழுகிறதோ அது உனக்கு, விலை இவ்வளவு என்று பேசிக்கொள்வது அதன் ஒரு வகை. இவற்றோடு சேர்த்து 'கரர்', அதாவது கிடைக்குமா, எது கிடைக்கும் என்பது மறைந்திருக்கும் வியாபாரம், பொதுவாகவே தடுக்கப்பட்டுள்ளது. நம் ஜமாஅத்தில் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபினரும் இருக்கிறோம். கிளைச் சட்டங்களில் வேறுபாடு இருப்பினும் இந்த அடிப்படையில் இரு சாராரும் ஒன்றே.

துணியின் உதாரணம் நம் கரைக்கு அந்நியமானதன்று. இங்கிருந்து தெற்கே சற்றுத் தொலைவில் உள்ள சதுரங்கப்பட்டினம் ஒரு காலத்தில் மெல்லிய துணிக்குப் பெயர்பெற்ற துறைமுகம். டச்சுக்காரர் கோட்டை இன்றும் அங்கே நிற்கிறது. சோழமண்டலக் கரையில் அக்கால வணிகர்கள் நெசவுத் துணியை விரித்து, மாதிரியோடு ஒப்பிட்டு, தரம் பிரித்த பிறகே விலை வைத்தார்கள். மாதிரிக்கு ஒவ்வாததைத் திருப்பி அனுப்பினார்கள். 

கரருக்கு ஃபிக்ஹு நூல்கள் தரும் பழைய உதாரணம் கடலில் நீந்தும் மீனையும் வானில் பறக்கும் பறவையையும் விற்பது. கோவளத்திலிருந்து புதுப்பட்டினம் வரை இந்தக் கரையில் வாழும் நமக்கு அதை விளக்க வேண்டியதில்லை. விடியற்காலையில் கரையில் நடக்கும் ஏலத்தில் மீன் மணலில் கொட்டப்பட்டிருக்கும். கண்ணால் பார்த்துத்தான் கேட்பார்கள். வலை இன்னும் கடலில் இருக்கும்போது, வருவது எதுவானாலும் ஐந்நூறு என்று எவரும் ஏலம் எடுப்பதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இளநீர் வாங்குகிறோமே, உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று யார் கண்டார்? தர்ப்பூசணி சிவப்பா வெளுப்பா என்று அறுத்த பிறகுதானே தெரிகிறது? உண்மை. முட்டை, மாதுளை, ஓடுள்ள வாதுமை ஆகியவற்றை உடைக்காமல் விற்பதை அறிஞர்கள் அனுமதித்துள்ளார்கள். அவற்றைத் திறந்துவிட்டால் பொருளே கெட்டுவிடும். மறைவு படைப்பிலேயே உள்ளது. அது தவிர்க்க முடியாதது, சிறியது.

தெற்கே மன்னார் வளைகுடாவில் நடந்த முத்துச் சிப்பி வியாபாரம் இதைவிடக் கடினமான உதாரணம். கீழக்கரை முஸ்லிம்கள் அங்கே முத்துக் குளித்தார்கள். தூத்துக்குடியிலும் இலங்கையின் மரிச்சுக்கட்டியிலும் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் விட்டார்கள். வாங்கியவர்களில் செல்வரானவரும் உண்டு, கடனாளியானவரும் உண்டு. சிப்பிக்குள் இருக்கும் முத்தை விற்பதைக் கரருக்கு உதாரணமாகவே பழைய நூல்கள் பேசுகின்றன. ஆயினும் அங்கே ஒரு சமத்துவம் இருந்தது. விற்றவருக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது.

நம் பிள்ளைகள் வாங்கும் பாக்கெட்டில் அந்தச் சமத்துவமும் இல்லை. அட்டையை வைத்து மூடியது மனிதக் கை, அல்லது மனிதன் அமைத்த இயந்திரம். எத்தனைக்கு ஒன்று என்பது மூடியவருக்குத் தெரியும். உறையைத் திறந்து காட்டினால் அட்டை கெட்டுவிடாது, வியாபாரம்தான் கெடும். இளநீரில் அறியாமை பொருளோடு ஒட்டி வருகிறது. இங்கே அறியாமைதான் பொருள். அட்டைக்கு 2 ரூபாய் என்றால் மீதி எட்டு மடங்கும் பத்து மடங்கும் கொடுப்பது தெரியாமைக்கே. நாம் ஆராய்ந்த அளவில் இந்த வியாபாரத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஹழ்ரத் அவர்களிடமும் இதைத்தான் எடுத்துரைத்தோம்.

எல்லா ஆலிம்களும் ஒரே சொல்லில் தீர்ப்பளிக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. காசு கொடுத்தவருக்கு எண்ணிக்கை குறையாமல் அட்டை கிடைத்துவிடுவதால் இது முழுச் சூது அன்று, கரர் கலந்த வியாபாரம் என்போர் உண்டு. தேடுவது அரிய அட்டையை மட்டுமே, மற்றவை குப்பைக்குப் போகின்றன என்பதால் இது சூதேதான் என்போரும் உண்டு. சிப்ஸை சிப்ஸுக்காக வழக்கமான விலையில் வாங்கி, உள்ளே டாசோ இலவசமாக இருந்தால் அதில் குற்றமில்லை என்று பலர் சொல்வார்கள். டாசோவை எடுத்துக்கொண்டு சிப்ஸைக் கீழே கொட்டும் பிள்ளையின் விஷயம் வேறு! அப்படிக் கொட்டியவர்களை நாமே பார்த்திருக்கிறோம்.

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் 1968இல் அரசே பரிசுச் சீட்டு நடத்தியது. எத்தனை குடும்பங்கள் அதில் அழிந்தன என்பதற்குச் செங்கல்பட்டுப் பேருந்து நிலையத்தின் பழைய ஆட்களே சாட்சி. 2003 ஜனவரியில் எல்லா லாட்டரிச் சீட்டுகளும் இம்மாநிலத்தில் தடை செய்யப்பட்டன. அதற்கு முன்பே 1979இல் பரிசுத் திட்டத் தடைச் சட்டம் வந்துவிட்டது. பொருள் வாங்குவோருள் சிலருக்குக் குலுக்கலாலோ அது போன்ற வேறு வகையிலோ பரிசு தரும் திட்டங்களை அது தடுக்கிறது. சோப்பு, பிஸ்கட் விளம்பரங்களின் அடியில் 'இத்திட்டம் தமிழ்நாட்டில் இல்லை' என்ற பொருளில் சிறிய எழுத்தில் காண்பீர்களே, காரணம் இச்சட்டமே. கார்டு பாக்கெட்டை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. உள்ளே இருப்பது பரிசு அன்று, சரக்கே என்று வாதிட இடமுண்டு. அமெரிக்காவில் அட்டை வாங்கியோர் தொடுத்த வழக்குகளில் 2002இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறத்தாழ அந்த வாதத்தையே ஏற்றது. வாங்கியவர் பேசிய பேரத்தைப் பெற்றுக்கொண்டார், விரும்பிய அட்டை வராத ஏமாற்றம் சொத்து நஷ்டம் ஆகாது என்று அது கருதியது. சீனாவோ 2023இல் வெளியிட்ட நெறிமுறையில், உள்ளிருப்பது தெரியாத பெட்டிகளை எட்டு வயதுக்குட்பட்டோருக்கு விற்கக் கூடாது என்றும், எத்தனைக்கு ஒன்று என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்றும் கூறியது. பெல்ஜியம் 2018இல் கணினி விளையாட்டுகளில் காசுக்கு விற்கும் இத்தகைய மூடிய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. உங்கள் கைபேசியில் பிள்ளை விளையாடும் ஆட்டத்திலும் அப்பெட்டி இருக்கலாம். வீட்டுக்குப் போனதும் பாருங்கள்.

பெற்றோருக்குச் சில சொற்கள். பிள்ளையின் அட்டைகளைப் பிடுங்கி அடுப்பில் போடாதீர்கள். அட்டையில் குற்றமில்லை. ஆட்டமும், பார்த்த அளவில், மூளைக்கு வேலை தருவதுதான். அட்டைக்கு அட்டை மாற்றிக்கொள்வது, இரண்டும் கண்ணெதிரே இருக்கும்போது, நேர்மையான பண்டமாற்று. தோற்றவன் அட்டையை வென்றவனுக்குக் கொடுக்க வேண்டும் என்ற பந்தயம் மட்டும் வேண்டாம். மேஜிக் ஆட்டத்தின் தொடக்க விதிகளிலேயே அட்டையைப் பணயம் வைக்கும் முறை இருந்தது. அதை நடத்தியவர்களே பிற்பாடு கைவிட்டார்கள். நம் காலத்துக் கோலிக் குண்டிலும் அந்தப் பழக்கம் இருந்தது, வாப்பாவிடம் அடி வாங்கியதும் இருந்தது. பிள்ளையை உட்காரவைத்து, மேற்சொன்ன 50 அட்டைக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். 50 சீட்டில் எண் எழுதிப் பையில் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டு, ஐம்பது எண்ணும் வருவதற்கு எத்தனை முறை எடுக்க நேர்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். எம் வீட்டில் அது 241இல் முடிந்தது. பாதியிலேயே பிள்ளைகளுக்குக் கை வலித்துவிட்டது.

கடைக்காரச் சகோதரரின் கேள்வி மிச்சமிருக்கிறது. ஹழ்ரத் அவர்களின் ஆலோசனைப்படி அவருக்குச் சொன்னது: வாங்கிய சரக்கை எறிந்து நஷ்டப்பட வேண்டாம். பாக்கெட்டுகளைப் பிரித்து, அட்டைகளைக் கண்ணாடிக்கடியில் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் விலை எழுதி வையுங்கள். விரும்பியதைப் பிள்ளை பார்த்து வாங்கட்டும். முழுக் கட்டாக வரும் அட்டைகளைத் தருவித்து விற்கவும் தடையில்லை. அவர் அவ்வாறே செய்தார். முதல் வாரத்தில் வியாபாரம் பாதிக்கும் கீழே போயிற்று என்பதையும் அவர் மறைக்கவில்லை. பள்ளிவாசல் வக்ஃபுக் கடைகளின் வாடகைதாரர்களில் இன்னும் மூவர் இந்தப் பாக்கெட்டை விற்கிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் இதற்கென ஒரு நிபந்தனை சேர்ப்பதா, அறிவுரையோடு நிறுத்துவதா என்பதை நிர்வாகக் குழு அடுத்த மாதக் கூட்டத்தில் முடிவு செய்யும். நிபந்தனை சேர்த்தால், அவர்களுக்கு நேரும் நஷ்டத்தை ஈடுசெய்ய மூன்று மாத வாடகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யலாம் என்பது எமது கருத்து. வக்ஃபு வருமானத்தைக் குறைக்க நமக்கு உரிமை உண்டா என்று பொருளாளர் அவர்கள் கேட்டிருக்கிறார்கள். அதுவும் நியாயமான கேள்வியே.

மக்ரிபு பாங்குக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது. வினாக்கள் உள்ளவர்கள் கேட்கலாம், ஹழ்ரத் அவர்கள் பதிலளிப்பார்கள். அந்தச் சகோதரர் பிரித்த அட்டைகளில் சிலவற்றை முன்மேசையில் வைத்திருக்கிறார். பெரியவர்களும் வந்து பார்க்கலாம்.

வஸ்ஸலாம்.